ஓட்டை விட்டுச் சுருட்டுதல்

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட்
கால அட்டவணையில் ‘படைப்பாற்றல்’ என்று போட்டிருக்கிறது.
போன வருடம்வரை அந்தக் கட்டத்தில்
கணக்குதான் உட்கார்ந்திருந்தது.

குடியாத்தம் வெயிலுக்கு
சிமெண்ட் ஷீட் கூரை டிக் டிக்கென்று விரிகிறது.
மூன்றாம் வகுப்பு, முப்பத்தொரு பேர்,
ஆளுக்கொரு பழைய காலண்டர் தாள்.
சுருட்டுங்கள் என்றேன்,
தொலைநோக்கி செய்யப் போகிறோம்.

லோகித் சுருட்டியது ஐஸ்கிரீம் கோன் ஆனது.
அதன் வழியே பார்த்து
மிஸ் உங்க மூக்குத்தி மட்டும் இருக்கு
நீங்க இல்ல என்றான்.
தாரணிகாவுக்குச் சுவர்ப் பல்லி.
யாரோ ஒருத்தனுக்கு
சத்துணவுக் கூடத்துப் பூட்டு.
பின்வரிசையில் இரண்டு பேர்
குழாயோடு குழாய் முட்டவைத்து
ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி
விக்கல் வரும்வரை சிரித்தார்கள்.

முதலில் முடித்தவள் தில்ஷாத்.
நான் சொல்லி வாய் மூடுமுன்
தாளை ஸ்கேல் வைத்துக் கிழித்து
எல்லாம் ஒரே அளவில்
பன்னிரண்டு சுருட்டி அடுக்கியிருந்தாள்.
சுண்டுவிரல் கனம்கூட இல்லை.
ஒரு முனை கூம்பி,
மறுமுனையைக் கட்டைவிரல் நகத்தால்
உள்ளே மடக்கி மூடியிருந்தாள்.
அவள் நகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எதுவும் தெரியலையே கண்ணு என்றேன்.
தெரியக்கூடாது மிஸ்.
தெரிஞ்சா கழிவு.

வேலூரில் மூன்று நாள் பயிற்சி.
வண்ணத்தாளில் மீன் மடித்தோம்,
நாளிதழில் தொப்பி மடித்தோம்,
மதியம் தக்காளி சாதம்.
கையேட்டில் இதற்கொரு பக்கம் இல்லை.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.
ஓட்டை விட்டுச் சுருட்டு.
எவ்ளோ ஓட்டை மிஸ்?
ஒரு கண்ணு அளவு.
உள்ள என்ன வைக்கணும்?
ஒண்ணும் வைக்க வேணாம்.
கூலி சொல்லாத முதலாளியைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தாள்.

மூன்று முறை விரல்கள் தாமாகவே இறுக்கின.
நான்காவதில்
பென்சிலை உள்ளே வைத்துச் சுருட்டிப்
பென்சிலை உருவிக்கொண்டாள்.
அது நான் சொல்லித்தந்ததல்ல.
ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை.
இரண்டையும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்,
பிறகு ஒன்றைக் கையால் பொத்திக்கொண்டு.
என்னடி தெரியுது?
சொல்லவில்லை.
மணி அடித்தும் இறக்கவில்லை.

திங்கட்கிழமை
கொடிக்கயிறு முடிச்சிடும் முன்னே
அவள் அம்மா வந்துவிட்டாள்.
என்னா டீச்சர் சொல்லிக்குடுத்தீங்க?
நாலு கட்டு, நூறு பீடி,
ஒண்ணுலயும் தூள் இல்ல, தலை மூடல,
நூலு மட்டும் அழகா கட்டியிருக்கா.
மேஸ்திரி ஒண்ண எடுத்துக்
கண்ணுல வச்சுப் பாத்தான்
சிரிச்சான்
அப்பறம் மொத்த ஆயிரத்தையும் கழிச்சுட்டான்.

ஆயிரத்துக்கு என்ன கூலி என்று
கேட்க நினைத்துக் கேட்கவில்லை.
கேட்டால் தரவேண்டியிருக்கும்,
தந்தால் எதற்கென்று
எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பேசப் பேச அவள் கை
மேசையில் கிடந்த லோகித்தின் கோனை எடுத்தது.
பிரித்தது, நீவியது, சுருட்டியது,
தலையை நகத்தால் மூடியது.
அவளுக்குத் தெரியாமலே நடந்தது எல்லாம்.
மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.
அவ்வளவு ஒழுங்கான ஒன்றை
என் வகுப்பில் யாரும் செய்ததில்லை.

மாலைக்குள் செயலியில் ஏற்றியாக வேண்டும்.
செயல்பாடு: காகிதக் குழாய்.
பங்கேற்றோர்: 31.
புகைப்படம்: இரண்டு.
கற்றல் விளைவு என்ற கட்டத்தை
நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது அது.

முதல் பீரியட் தமிழ்.
ஜன்னல் கம்பிக்கிடையே ஒரு குழாய்
தெருவில் போகும் கறுப்புப் புர்காவோடு
மெல்ல மெல்ல நகர்கிறது,
தரணம்பேட்டை முனையில் நிற்கிறது,
அவள் திரும்பிய பிறகும் நிற்கிறது.

கீழே வை என்று வாய்வரை வந்தது.
பக்கம் இருபத்தாறு என்றேன்,
மற்ற முப்பது பேரிடம்.